வீட்டோடு தங்கி வேலை பார்ப்பவருக்குச் சாப்பாட்டுப் பணம்: நியாயமாகக் கணக்கிட ஒரு முழு வழிகாட்டி

மதுரையில் கே.கே. நகர், அண்ணா நகர், எஸ்.எஸ். காலனி, திருநகர் என்று எந்தப் பக்கம் போனாலும், வயதான அப்பா அம்மாவும் அவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஓர் அக்காவும் மட்டும் இருக்கிற வீடுகள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. பிள்ளைகள் சென்னையிலோ பெங்களூரிலோ வெளிநாட்டிலோ இருப்பார்கள். பார்த்துக்கொள்ளும் அக்கா உசிலம்பட்டி, பேரையூர், மேலூர் பக்கத்துக் கிராமத்திலிருந்தோ சிவகங்கை, ராமநாதபுரம் பக்கமிருந்தோ வந்தவராக இருப்பார். ஆள் பேசும்போது சம்பளத்தை ஒரு மணி நேரம் பேசுகிறோம். லீவு பேசுகிறோம். சாப்பாடு என்று வந்தால் மட்டும் "நாங்க சாப்பிடுறதையே சாப்பிட்டுக்கலாம்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். பிறகு வருகிற மனத்தாங்கல்களில் பாதி அந்த வரியிலிருந்துதான் கிளம்புகிறது.

காரணம் எளிமையானது. எழுபது, எண்பது வயதுக்காரர்கள் சாப்பிடுகிற அளவு வேறு. காலையில் இரண்டு இட்லி, மதியம் குழைந்த சாதம் ஒரு கரண்டி, ராத்திரி ஏழரைக்கு ஒரு தோசையோ கஞ்சியோ. சர்க்கரை வியாதிக்காகவும் பிரஷருக்காகவும் உப்பு காரம் எல்லாம் குறைத்திருப்பார்கள். அதே வீட்டில் ஆளைத் தூக்கி உட்கார வைத்து, குளிப்பாட்டி, துணி அலசி, வீடு கூட்டித் துடைத்து, ராத்திரி நாலு தடவை எழுந்திருக்கும் ஒருவருக்கு அந்தச் சாப்பாடு எப்படிப் போதும்? யாரும் வேண்டுமென்று பட்டினி போடவில்லை. ஆனால் பசி இருக்கிறது, கேட்கக் கூச்சமாகவும் இருக்கிறது.

கணக்கை அவருடைய தட்டிலிருந்து தொடங்க வேண்டும், நம் மிச்சத்திலிருந்து தொடங்கக் கூடாது. இந்த வழிகாட்டி முழுக்க நான் சொல்ல வருவது அவ்வளவுதான். மற்றதெல்லாம் அதை நடைமுறையில் எப்படிச் செய்வது என்பது.

முதலில்: எந்த முறை என்று முடிவு செய்யுங்கள்

நம் ஊரில் மூன்று விதமாக நடக்கிறது. ஒன்று, வீட்டில் வடிக்கிற சோற்றையே அவரும் சாப்பிடுவது. இரண்டு, அரிசி பருப்பு எல்லாம் வாங்கிக் கொடுத்துவிட்டு அவர் தனக்குத் தனியாகச் சமைத்துக்கொள்வது. மாடியில் தனி அறையோ அவுட் ஹவுஸோ உள்ள வீடுகளில் இது உண்டு. மூன்று, மாதம் இவ்வளவு என்று பணமாகவே கொடுத்துவிடுவது.

முழுக்கப் பணமாகக் கொடுப்பதுதான் சுத்தமான ஏற்பாடு என்று சிலர் நினைக்கிறார்கள். அவரவர் இஷ்டத்துக்குச் சாப்பிட்டுக்கொள்ளலாம் அல்லவா என்பார்கள். எனக்கு அதில் ஒரு பயம் உண்டு. ஊரில் மகளுக்குக் கல்லூரி ஃபீஸ், மகன் வாங்கிய வண்டிக்கு மாதத் தவணை, குழுக்கடன் என்று ஆயிரம் நெருக்கடியோடு வேலைக்கு வந்தவர் அவர். கையில் 3,600 ரூபாய் கொடுத்தால் 1,500 ரூபாய்க்குச் சாப்பிட்டுவிட்டு மீதியை ஊருக்கு அனுப்பத்தான் தாய்மனசு சொல்லும். ஆறு மாதத்தில் ரத்தசோகை, கைகால் ஓய்ச்சல். அதனால் என் சிபாரிசு கலப்பு முறை: மூன்று வேளையும் வீட்டுச் சாப்பாடு, அவர் சாப்பிடுகிற அளவுக்கு, வீட்டில் செய்யாத பொருள்களுக்கு மட்டும் மாதம் ஒரு கைக்காசு. பெரியவர்கள் ஊரில் இல்லாத நாள், ஆஸ்பத்திரியில் தங்கும் நாள் இவற்றுக்குத் தனியே நாள் கணக்கு. முழுப் பணமாகக் கொடுக்க வேண்டிய வீடு என்றாலும் கீழே உள்ள கணக்கு உதவும்.

அவர் என்ன சாப்பிடுவார் என்று கேளுங்கள், ஒரு தடவைக்கு ரெண்டு தடவை

சேர்கிற அன்றைக்கே "உங்களுக்கு என்ன வேணும்க்கா?" என்று கேட்டால் கிடைக்கிற பதில் எல்லா வீட்டிலும் ஒன்றுதான்: "எதுன்னாலும் திம்பேன் தாயி, எனக்குன்னு ஒண்ணும் வேணாம்." அது மரியாதைக்குச் சொல்கிற பதில். அதை ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டு விட்டுவிடாதீர்கள்.

கேள்வியை மாற்றிக் கேட்டால் உண்மை வரும். "உங்க வீட்டுல காலையில என்னக்கா சாப்பிடுவீங்க? எத்தனை மணிக்கு?" என்று கேளுங்கள். விடியற்காலை ஐந்தரைக்கு ஒரு டீ, ஏழு மணிக்குள் பழைய சோறும் சின்ன வெங்காயமும் அல்லது கேப்பைக் கூழ், பதினோரு மணிக்கு இன்னொரு டீ, மதியம் ஒன்றரைக்கு வயிறு நிறையச் சோறு என்று ஒரு முழு நாளையே சொல்லிவிடுவார். நம் வீட்டில் ஒன்பதரைக்குத்தான் டிபன் என்றால், விடியற்காலையில் எழுந்தவர் நாலு மணி நேரம் வெறும் வயிற்றோடு நிற்கிறார் என்பது அப்போதுதான் உறைக்கும்.

இவற்றையும் கேளுங்கள்: கறி, மீன், முட்டை சாப்பிடுவாரா, வாரத்தில் எத்தனை நாள். செவ்வாய், வெள்ளி விரதம் உண்டா. சர்க்கரை, பிரஷர், அல்சர் ஏதும் உண்டா, மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னா பின்னா. வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாதது எது. வெற்றிலை பாக்குப் பழக்கம் உண்டா. ராத்திரி சோறு வேண்டுமா, டிபன் போதுமா. கிராமத்தில் வயல் வேலை பார்த்துப் பழகிய பலருக்கு ராத்திரி இரண்டு தோசை சாப்பாடாகவே தோன்றாது. சோறும் குழம்பும் வேண்டும்.

பத்து நாள் கழித்து இதே கேள்விகளை மறுபடி கேளுங்கள். இந்தத் தடவை பதில் வேறாக இருக்கும், அதுதான் சரியான பதில். கேட்பதும் பெரியவர்கள் முன்னால் வேண்டாம், அடுப்படியில் அவர் தனியாக இருக்கும்போது கேளுங்கள்.

அளவை எழுதுங்கள்

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் வெளியிட்ட அளவீட்டின்படி, உட்கார்ந்தே இருக்கும் ஒரு பெண்ணுக்கு நாளைக்கு 1,660 கலோரி போதும். மிதமான உடல் உழைப்பு உள்ள பெண்ணுக்கு 2,130 கலோரி வேண்டும். வீட்டு வேலையும் நோயாளியைப் பார்ப்பதும் சேர்ந்தால் இரண்டாவது கணக்குக்குத்தான் வரும். அதே நிறுவனம் நாளைக்கு 2,000 கலோரிக்கு ஒரு மாதிரித் தட்டு சொல்கிறது: தானியம் 250 கிராம், பருப்பு பயறு 85 கிராம், காய்கறி 400 கிராம், பழம் 100 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி, கொட்டை வகை 35 கிராம், எண்ணெய் 27 கிராம். நம் பக்கத்துச் சாப்பாட்டில் சோறு இதைவிடக் கூடும், அதனால் தானியத்தை நான் 350 கிராமுக்கு மேல் வைக்கிறேன். மற்றவற்றைக் குறைக்க வேண்டாம்.

ஒரே பானையில் வடிக்கிற வீட்டில் இதை ஆழாக்கில் பார்த்தால் சுலபம். பெரியவர்கள் இருவருக்கும் சேர்த்து மதியத்துக்கு ஒரு ஆழாக்கு அரிசி போடுகிறீர்கள் என்று வையுங்கள். அக்கா வந்தபிறகு ஒன்றரை ஆழாக்கு போடுவதுதான் பல வீட்டு வழக்கம். அவருக்கே தனியாக ஒரு ஆழாக்கு வேண்டும், மொத்தம் இரண்டு. குழம்பும் அப்படித்தான். சோறு நிறைய இருந்து, குழம்பும் வெஞ்சனமும் பெரியவர்கள் அளவுக்கே இருந்தால், கடைசியில் அவர் சோற்றில் மோரை ஊற்றி ஊறுகாயைத் தொட்டுச் சாப்பிட்டு எழுந்துவிடுவார். வயிறு நிறையும், சத்து சேராது. தட்டில் முதலில் குறைவது காயும் பருப்பும்தான், அதைக் கவனியுங்கள்.

காரம், உப்பு பற்றியும் ஒரு வார்த்தை. பெரியவர்களுக்காக உப்பில்லாமல் செய்த குழம்பை வருஷக்கணக்கில் ஒருவர் சாப்பிட முடியாது. பெரியவர்களுக்கு எடுத்து வைத்தபின் மீதிக் குழம்பில் உப்பும் மிளகாய்த் தூளும் சேர்த்து ஒரு கொதி விட்டால் போதும். அப்படிச் செய்யலாம் என்று நீங்கள் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் அவராகச் செய்ய மாட்டார்.

விலை போடுங்கள்

கீழே இருப்பது ஒரு ஆளுக்கு ஒரு மாதத்துக்கான கணக்கு. விலைகளை உதாரணத்துக்காக முழு எண்ணாக வைத்திருக்கிறேன். அளவை அப்படியே எடுத்துக்கொண்டு, விலையை உங்கள் கடை பில்லைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டு அரிசி 7 கிலோ, கிலோ 60 வீதம்: 420 ரூபாய்
இட்லி அரிசி 3 கிலோ, 45 வீதம்: 135
கேப்பை மாவு 1 கிலோ: 55
துவரம் பருப்பு 1 கிலோ: 150
உளுந்து முக்கால் கிலோ: 105
தட்டைப்பயறு, பாசிப்பயறு, சுண்டல் எல்லாம் சேர்த்து முக்கால் கிலோ: 90
எண்ணெய் 1 லிட்டர்: 200
பால் 9 லிட்டர், டீக்கும் தயிருக்கும் சேர்த்து, 50 வீதம்: 450
காய்கறி 12 கிலோ, வெங்காயம் தக்காளி உட்பட, 45 வீதம்: 540
வாழைப்பழம், கொய்யா: 200
முட்டை 16, 7 வீதம்: 112
மீனோ கோழியோ வாரம் கால் கிலோ, மாதம் 1 கிலோ: 250
தேங்காய் 4: 120
நிலக்கடலை அரை கிலோ: 65
புளி, வத்தல், மல்லி, உப்பு, டீத்தூள், சீனி, தாளிப்புச் சாமான்: 350

கூட்டினால் 3,242 ரூபாய். விலை ஏற்ற இறக்கத்துக்குப் பத்து சதவீதம் சேர்த்தால் 3,566. அதை 3,600 என்று வைத்தால் நாளைக்கு 120 ரூபாய். கேஸ், தண்ணீர், பாத்திரம் எல்லாம் வீட்டார் பொறுப்பு, இதில் சேராது.

எந்தக் கடை விலை என்பது முக்கியம். பரவை மொத்தச் சந்தையிலும் கீழமாசி வீதியிலும் மூட்டையாக வாங்குகிற விலையைப் போட்டு, தெருமுனைக் கடையில் அரை கிலோ கால் கிலோவாக வாங்குகிறவருக்குக் கணக்குச் சொல்லக் கூடாது. அண்ணா நகர் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று திறந்தது, தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை அதுதான். காய் விலை அங்கே குறைவுதான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே வியாபாரம் காலையில்தான் சுறுசுறுப்பு. காலை ஆறிலிருந்து ஒன்பதுவரை அம்மாவைக் குளிப்பாட்டிச் சாப்பாடு கொடுக்கிற அக்கா எப்படி உழவர் சந்தைக்குப் போவார்? அவர் எந்த நேரத்தில், எந்தக் கடைக்கு நடந்து போக முடியுமோ அந்தக் கடையின் விலையைப் போடுங்கள்.

இன்னொரு பேச்சையும் கேட்டிருக்கிறேன்: "அவங்க கார்டுக்கு ரேஷன் அரிசி வருதுல்ல, அதைக் கொண்டு வந்துக்கலாமே." அந்த அரிசி ஊரில் இருக்கிற அவர் குடும்பத்துக்கு. அதேபோல அம்மா உணவகத்தில் இட்லி ஒரு ரூபாய்க்குக் கிடைக்கிறது என்பதும் நாம் கொடுக்கிற தொகைக்கு அளவுகோல் ஆகாது. அரசாங்கம் ஏழைகளுக்குக் கொடுக்கிற சலுகையை நம் வீட்டுச் செலவில் வரவு வைப்பது நியாயமில்லை.

ஒரு வேளை மட்டும் பணமாகக் கொடுக்க வேண்டியிருந்தால் 120 ரூபாயை இப்படிப் பிரிக்கலாம்: காலை 30, மதியம் 50, இரவு 30, டீ பலகாரத்துக்கு 10. ஆனால் ஒரே ஒரு வேளைக்குத் தனியாக வாங்கிச் சமைப்பது கட்டுப்படியாகாது. அந்த வேளைக்கு ஒன்றரை மடங்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வெளிச் சாப்பாடு வேறு கணக்கு. அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்து, அக்கா கூட இருந்து பார்த்துக்கொள்கிற நாளில் கேண்டீனிலோ பக்கத்து மெஸ்ஸிலோதான் சாப்பாடு. இரண்டு வேளை டிபன் 110, மதியம் ஒரு சாப்பாடு 100, இரண்டு டீ 30 என்றால் 240 ரூபாய். வீட்டுக் கணக்கைப் போல இரண்டு மடங்கு. அந்தப் பதற்றத்தில் யாருக்கும் இது ஞாபகம் இருக்காது, அவரும் கேட்க மாட்டார். அதனால் முன்கூட்டியே எழுதி வையுங்கள்.

சைவ வீடாக இருந்தால்

நம் பக்கத்தில் இது பெரிய விஷயம். வீட்டார் சைவம், வந்தவர் வாரம் இரண்டு நாள் மீனோ கருவாடோ இல்லாமல் சாப்பிட்டுப் பழகாதவர். "வீட்டுக்குள்ள கொண்டு வரக்கூடாது" என்பது உங்கள் உரிமை. ஆனால் அதை வேலைக்குப் பேசும்போதே சொல்லிவிட வேண்டும், சேர்ந்த பிறகு சொல்லக் கூடாது.

கறி மீன் சேராத வீட்டில் முட்டைக்கும் மீனுக்கும் நாம் கணக்குப் போட்ட 362 ரூபாயை அப்படியே கைக்காசாகக் கொடுங்கள். லீவு நாளில் ஊருக்குப் போயோ வெளியிலோ அவர் விருப்பப்பட்டதைச் சாப்பிட்டுக்கொள்ளட்டும். வீட்டுத் தட்டில் அதற்கு ஈடாகத் தினமும் ஒரு கைப்பிடி சுண்டலோ வேகவைத்த கடலையோ, ராத்திரி ஒரு டம்ளர் பாலோ கூட்டுங்கள். சில வீடுகளில் பின்கட்டில் தனிச் சட்டி வைத்து முட்டை மட்டும் அவித்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. இரு தரப்புக்கும் சரி என்றால் செய்யலாம்.

கறி மீன் சாப்பிடுகிற வீட்டில் வேறொரு தவறு நடக்கும். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் வந்திருக்கும்போது கறி எடுப்பார்கள், அக்கா காலையிலிருந்து மசாலா அரைத்து, குழம்பு வைத்து, எல்லோருக்கும் பரிமாறி, கடைசியில் அவர் உட்காரும்போது சட்டியில் எலும்பும் சாறும்தான் இருக்கும். பரிமாறுவதற்கு முன்பே அவர் பங்கை ஒரு கிண்ணத்தில் எடுத்து மூடி வைத்துவிடுங்கள். கணக்கில் கால் கிலோ என்று எழுதியது தட்டுக்கு வந்து சேர இது ஒன்றுதான் வழி.

தட்டு, நேரம், இடம்

பணக் கணக்கு சரியாக இருந்தும் சாப்பாடு நியாயமாக இல்லாத வீடுகள் உண்டு. நேற்றைய சாம்பார், முந்தாநாள் பொரியல், ஃப்ரிஜ்ஜில் இருக்கிற பழசு எல்லாம் அவருக்கு என்று ஒதுக்குவது. பழையது வீட்டில் எல்லோரும் சாப்பிடுகிறீர்கள் என்றால் அவரும் சாப்பிடலாம். அவர் மட்டும் என்றால் கூடாது.

தனித் தட்டு, தனி டம்ளர் வைத்து அதைக் கொல்லைப்புறத்தில் கவிழ்த்து வைக்கிற வழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. சாதி பார்த்து அப்படிச் செய்வது தீண்டாமை, சட்டப்படி குற்றம். "அந்தக் காலத்து மனுஷங்க, மாத்த முடியாது" என்று பெரியவர்களைக் காரணம் காட்டாதீர்கள். சம்பளம் கொடுக்கிற பிள்ளைகள் நீங்கள், பேச வேண்டியவர்களும் நீங்கள்தான்.

நேரமும் பேசி வையுங்கள். பெரியவர்களைத் தூங்க வைத்துவிட்டு ராத்திரி பத்துக்கு ஆறிப்போன தோசையைச் சாப்பிடுவதற்குப் பதில், ஏழு மணிக்கு அவர்களுக்கு ஊட்டுவதற்கு முன்னால் அரை மணி நேரம் அவர் உட்கார்ந்து சூடாகச் சாப்பிடலாம். மதியமும் அப்படித்தான். சாப்பிடும்போது கூப்பிடாமல் இருப்பது, அவசரம் தவிர, அந்த வீட்டு வழக்கமாகட்டும்.

சம்பளத்தில் கழிக்காதீர்கள்

"பத்தாயிரம் சம்பளம், சாப்பாட்டுக்கு மூவாயிரம் போக ஏழாயிரம்" என்று பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். இது ஏன் தப்பு என்பதற்குப் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. 1957இல் நடந்த 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு, குறைந்தபட்சக் கூலியை எப்படி நிர்ணயிக்க வேண்டும் என்று வகுத்தபோது, ஒரு உழைப்பாளியின் கூலியை நம்பி அவரையும் சேர்த்து மூன்று பங்கு வயிறு இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் நாளைக்கு 2,700 கலோரி என்று வைத்தது. கூலி என்பதே குடும்பத்துக்கு. வீட்டோடு தங்குகிறவர் இருபத்து நாலு மணி நேரமும் நம் கூப்பிடு தூரத்தில் இருக்கிறார். அவர் இங்கே சாப்பிடுவதை அந்தக் கூலியிலிருந்து எடுத்தால், ஊரில் ஒரு வயிற்றுக்குக் குறைகிறது.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2011இல் வீட்டு வேலைத் தொழிலாளர்களுக்காகக் கொண்டுவந்த 189ஆம் உடன்படிக்கை, ஊதியத்தில் பொருளாகக் கொடுப்பது ஒரு சிறு பகுதியாகத்தான் இருக்கலாம், தொழிலாளி சம்மதிக்க வேண்டும், அதன் மதிப்பை நியாயமாகப் போட வேண்டும் என்கிறது. இந்தியா இன்னும் அதை ஏற்புறுதி செய்யவில்லை என்றாலும், அந்த மூன்று நிபந்தனைகளும் எந்த வீட்டுக்கும் பொருந்தும். தமிழ்நாட்டில் வீட்டு வேலைக்கும் அரசு குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்திருக்கிறது. வீட்டுப் பணியாளர்களுக்கு 2007 முதல் தனி நல வாரியமும் இருக்கிறது. அவர் பதிந்திருக்கிறாரா என்று கேட்டு, இல்லையென்றால் பதிய உதவுங்கள்.

ஏஜென்சி மூலம் ஆள் எடுத்தால், அவர்கள் சொல்கிற தொகையில் சாப்பாடு உள்ளா வெளியா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் வெளியேதான்.

கொடுக்கிற விதம்

கலப்பு முறையில் கைக்காசாக மாதம் 600 ரூபாய் சரியாக இருக்கும் என்பது என் கணக்கு: முட்டை, மீனுக்கு 362, மீதி வெற்றிலை பாக்கு, இடையில் ஒரு பன், கடையில் ஒரு டீ என்று போகும். முட்டையும் மீனும் வீட்டிலேயே வாங்குகிறீர்கள் என்றால் 250 போதும்.

இதைச் சம்பளத்தோடு சேர்த்து அக்கவுண்டில் போடாதீர்கள். பல அக்காமார்களின் ஏ.டி.எம். கார்டும் ஜி பேயும் மகன் கையிலோ மருமகன் கையிலோ இருக்கும். சம்பளம் ஏறிய மறுநிமிஷம் அங்கே எடுத்துவிடுவார்கள். சாப்பாட்டுக் காசும் அதோடு போய்விடும். ஒன்றாம் தேதி ரொக்கமாக, சில்லறையாக, அவர் கையில் கொடுங்கள். நீங்கள் வெளியூரில் இருந்தால், உள்ளூரில் உறவுக்காரர் ஒருவரிடம் பொறுப்பு கொடுங்கள்.

முன்பணம் வாங்கியிருந்தால் அதைச் சம்பளத்தில் மட்டும் பிடியுங்கள், சாப்பாட்டுக் காசில் கை வைக்க வேண்டாம். எப்படிச் செலவழித்தார் என்று கணக்கும் கேட்காதீர்கள். பலசரக்குக்கென்று பொதுவாகக் கொடுத்த பணத்துக்குக் கணக்கு கேட்கலாம், கைக்காசு அவருடையது.

"சாப்பாட்டுக் காசையும் சம்பளத்தோட சேத்துக் குடுத்துருங்க தம்பி, நான் பாத்துக்கிறேன்" என்று அவரே கேட்டால்? ஊரில் ஏதோ நெருக்கடி என்று அர்த்தம். அந்த மாதம் முன்பணமாக உதவுங்கள், சாப்பாட்டை விலை பேசாதீர்கள்.

விட்டுப்போகிற நாள்கள்

பெரியவர்கள் ஒரு மாதம் சென்னைக்கு மகள் வீட்டுக்குப் போகிறார்கள், அக்கா வீட்டைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார். அடுப்பை மூட்டிச் சமைக்க அவருக்கு உரிமை உண்டு, சிலிண்டர் பற்றி யோசிக்க வேண்டாம் என்று சொல்லி, நாளைக்கு 120 வீதம் முன்கூட்டியே கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். வீட்டில் இருக்கிற அரிசி பருப்பை எடுத்துக்கொள்ளலாம் என்றால் தொகையைக் குறைக்கலாம், ஆனால் எதை எடுக்கலாம் என்று டப்பாவைக் காட்டிச் சொல்லுங்கள். பூட்டிய அலமாரிக்கு வெளியே இருப்பதைப் பார்த்து ஒருவர் ஊகிக்கக் கூடாது.

மாத லீவு இரண்டு நாளுக்குப் பிடித்தம் வேண்டாம். திருவிழாவுக்கோ கல்யாணத்துக்கோ ஊருக்குப் போனால் ஒரு வாரம் வரை நான் கழிக்க மாட்டேன், அதற்கு மேல் போனால் கைக்காசை மட்டும் நாள் கணக்கில் குறைக்கலாம். விரத நாளில் சோறு இல்லை என்றாலும் பழமும் பாலும் வேண்டும், அதில் மிச்சம் பிடிக்க ஒன்றும் இல்லை. காய்ச்சல் என்று படுத்தால் கஞ்சி, ரொட்டி, இளநீர் வீட்டுச் செலவு. சித்திரைத் திருவிழாவுக்கு உறவுக்காரர்கள் பத்துப் பேர் வந்து தங்கினால், அந்த வாரம் அவர் வேலை இரண்டு மடங்கு, பசியும் அப்படியே. பதினோராவது ஆளாக அவரை எண்ணித்தான் உலை வைக்க வேண்டும்.

ஒரு தாளில் எழுதுங்கள்

முத்திரைத்தாள் வேண்டாம், நோட்டுத் தாள் போதும். இப்படி:

"மாதச் சம்பளம் இவ்வளவு. சாப்பாடு இதில் சேராது. மூன்று வேளைச் சாப்பாடும் மூன்று டீயும் வீட்டில். முதல் டீ காலை ஐந்தரைக்கு. கைக்காசு மாதம் 600 ரூபாய், 1ஆம் தேதி ரொக்கமாக. வீட்டில் யாரும் இல்லாத நாளுக்கு 120 ரூபாய், ஆஸ்பத்திரியில் தங்கும் நாளுக்கு 240 ரூபாய். மாதம் இரண்டு நாள் லீவுக்குப் பிடித்தம் இல்லை. தையிலும் ஆடியிலும் தொகை திருத்தப்படும்."

படிக்கத் தெரியாதவர் என்றால் வாசித்துக் காட்டுங்கள், அவர் மகளிடம் போனிலும் சொல்லுங்கள். ஒரு தாள் அவரிடம், ஒன்று உங்களிடம்.

போதவில்லை என்பதற்கு அடையாளம்

வாயால் சொல்ல மாட்டார் என்பதால் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். சேரும்போது எடை பாருங்கள், மூன்று மாதம் கழித்துப் பாருங்கள். குறைந்திருந்தால் கேளுங்கள். ஊரிலிருந்து வரும்போது தூக்குவாளியில் ஊறுகாய், கருவாடு, முறுக்கு என்று சுமந்து வருகிறாரா? ஆசைக்காக இருக்கலாம், ராத்திரிப் பசிக்காகவும் இருக்கலாம். டீ, பிஸ்கட் அதிகமாகிறதா? சாப்பாட்டுக்குப் பதில் டீ குடித்துப் பசியை அமர்த்துவது நம் ஊரில் பழைய வழக்கம். ஃப்ரிஜ்ஜிலிருந்து எதையாவது எடுத்துச் சாப்பிட்டார் என்று பெரியவர்கள் புகார் சொன்னால், அதைத் திருட்டாகப் பேச ஆரம்பிக்கும் முன், அன்றைக்கு அவர் தட்டில் என்ன இருந்தது என்று விசாரியுங்கள்.

திருத்துவது

வருஷத்துக்கு இரண்டு தடவை, அதே பட்டியலை எடுத்து அன்றைய விலையை எழுதிக் கூட்டுங்கள். பத்து நிமிஷ வேலை. தொகை கூடினால் கூட்டிக் கொடுங்கள், குறைந்தால் குறைக்க வேண்டாம். இடையில் ஏதாவது ஒரு பொருள் திடீரென்று ஏறினால் ஆறு மாதம் காத்திருக்கத் தேவையில்லை. 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறைத் தாண்டியபோது எல்லா வீட்டிலும் ரசம் நிறம் மாறியது. தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறவருக்கு அப்படிப்பட்ட மாதத்தில் நூறோ நூற்றைம்பதோ கூட்டிக் கொடுங்கள். அந்த ஆறு மாதத்தில் அவருக்குச் சர்க்கரை வியாதி தெரியவந்து டாக்டர் சோற்றைக் குறைத்துக் காயைக் கூட்டச் சொல்லியிருந்தால், அரிசியில் இரண்டு கிலோவைக் கழித்துக் காயில் மூன்று கிலோவும் பயற்றில் அரை கிலோவும் சேர்த்துப் பட்டியலையே மாற்றி எழுதுங்கள். புதுத் தொகையை இரண்டு தாளிலும் குறித்துத் தேதி போட்டுவிடுங்கள்.